யாருக்குச் சொன்ன உப்பு?

"உப்பைக் கூட்டலாமா, குறைக்கலாமா?" எங்கள் மாதக் கூட்டத்திற்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். இக்கேள்விக்கு நாங்கள் உடனே விடை கூறுவதில்லை. உங்களுக்கு வந்திருப்பது எந்தக் கோளாறு, படுத்திருக்கையில் உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு, எழுந்து நின்ற மூன்றாம் நிமிடத்தில் எவ்வளவு, சிறுநீரகமும் இதயமும் எந்நிலையில் உள்ளன என்று திருப்பிக் கேட்கிறோம். வந்தவர் சிலவேளை முகம் சுளிக்கிறார். ஒரு சிட்டிகை உப்பைப் பற்றிக் கேட்டால் இத்தனை குறுக்கு விசாரணையா என்று அவருக்குத் தோன்றுவது இயல்பே. ஆயினும் இவ்வழக்கத்தைக் கைவிட எங்களுக்கு மனமில்லை. அதன் காரணத்தை இம்மடலின் வாசகர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நாங்கள் தன்னியக்க நரம்பு மண்டலம் பழுதுபட்டவர்கள். எங்களைப் பேணும் குடும்பத்தாரும் எங்களுள் அடக்கம். இதயத்துடிப்பு, இரத்தக் குழாய்களின் இறுக்கம், வியர்வை, செரிமானம், சிறுநீர்ப்பை ஆகியவற்றை நம் எண்ணத்தின் ஏவலின்றித் தானே நடத்திவரும் நரம்புகள் அவை. ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து நின்றவுடன் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரையிலான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள உணர்விகள் அதனை நொடிப்பொழுதில் அறிந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து வரும் கட்டளையால் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, துடிப்பு சற்றே கூடுகிறது, தலைக்குச் செல்லும் இரத்தம் குறையாமல் காக்கப்படுகிறது. நலமாக உள்ளவர் இதனை வாழ்நாளில் ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாங்கள் ஒவ்வொரு முறை எழும்போதும் எண்ணுகிறோம்.

இந்த ஏற்பாடு ஒரே விதமாகக் கெடுவதில்லை என்பதே எங்கள் வாதத்தின் வேர். எங்களுள் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 22 வயதுக் கல்லூரி மாணவி. எழுந்து நின்றால் அவருக்கு இரத்த அழுத்தம் விழுவதில்லை. துடிப்போ நிமிடத்திற்கு 75-இலிருந்து 125-க்குத் தாவுகிறது. நின்ற 10 நிமிடங்களுக்குள் துடிப்பு 30-க்குக் குறையாமல் உயர்ந்து, அழுத்தம் விழாமலிருந்து, தொல்லைகள் மாதக்கணக்கில் நீடித்தால் மருத்துவர்கள் அதனைப் 'பாட்ஸ்' என்கிறார்கள். 12 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு அந்த அளவு 40. மற்றவர் 68 வயதுப் பெரியவர். 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். நின்றவுடன் அவருடைய மேல் அழுத்தம் 150-இலிருந்து 100-க்கு விழுகிறது. துடிப்போ அசைந்து கொடுப்பதில்லை. நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம் எனப்படும். அவருக்கோ 50 குறைகிறது. இரவில் படுத்திருக்கையில் அதே அழுத்தம் 180-ஐத் தொடுகிறது.

இருவரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்திருக்கிறார்கள். இருவரும் தம் துன்பத்தை 'தலைசுற்றல்' என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறார்கள். அப்பெண் அன்போடு, "உப்பைக் கூட்டிப் பாருங்க ஐயா, எனக்கு அதுதான் கைகொடுத்துச்சு" என்கிறார். அவர் சொல்வதில் பொய்யில்லை. வயது வந்தவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாட்ஸ் உள்ள பலருக்கு மருத்துவர்களே 10 கிராம் வரை அனுமதிப்பதுண்டு. உப்பு நீரைப் பிடித்துவைக்கும், இரத்தத்தின் கன அளவு கூடும், துடிப்பு சற்றே அடங்கும். அந்தப் பெரியவருக்கோ அதே உப்பு இரவின் உயர் அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடக்கூடும். அவருடைய சிறுநீரகம் தளர்ந்திருந்தால், இதயம் பலவீனப்பட்டிருந்தால், காலில் வீக்கமும் மூச்சுத்திணறலும் வந்து சேரும். அவருக்கும் கொஞ்சம் உப்பு தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். அதனை முடிவு செய்வது படுத்தநிலை அளவையும் இரத்தப் பரிசோதனையையும் பார்த்த மருத்துவரே. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அல்லர்.

இதனால், நோயாளிகள் ஒருவருக்கொருவர் அறிவுரை கூறவே கூடாது என்று நாங்கள் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டா. மருத்துவர்களுள் சிலர் அவ்வாறு கருதுவதை அறிவோம். அக்கருத்தை நாங்கள் ஏற்பதில்லை. இந்நோயின் வரலாறே அதற்கு விடை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களிடம் படபடப்பும் களைப்பும் மயக்கமும் கண்ட டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871-இல் அதனை விரிவாக எழுதினார். முதல் உலகப் போரின்போது வேறொரு பெயர் வந்தது. பின்னர் நெடுங்காலம், அத்தகையோரின் தொல்லை மனத்தின் கோளாறு என்றே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. பாட்ஸ் என்ற பெயரும் அளவும் மருத்துவ இதழில் இடம்பெற்றது 1993-இல்தான். நம் வீடுகளில் அந்த 1993 இன்னும் வந்து சேரவில்லை. "இரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்பார்கள். "காலேஜுக்குப் போகச் சோம்பல்" என்பார்கள். "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். படுத்திருக்கையில் எடுத்த இதய வரைபடம் சீராக இருந்தமையால் இப்பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை என்று வேறோரிடத்தில் திருப்பியனுப்பப்பட்டவர்கள் எங்களுள் பலர் உண்டு. நின்றால் வரும் நோயைப் படுக்கவைத்துத் தேடினால் எவ்வாறு கிடைக்கும்? "எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று இன்னொருவர் சொல்லும் சொல்லுக்கு மாற்றாக எம்மருந்தும் இல்லை. அச்சொல்லைத் தடுப்பவர்கள் நாங்கள் அல்லர்.

தவிர, நோயோடு வாழும் கலையில் பாதி, மருத்துவர் அறைக்குள் வருவதே இல்லை. அவரிடம் கிடைப்பது 10 நிமிடங்கள். அவற்றுள் இந்திய முறைக் கழிப்பறையைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றுவதில்லை. நெடுநேரம் குந்தியிருந்து சட்டென எழுவது, உடலின் அழுத்தத்தைச் சோதிப்பதற்கென்றே அமைத்த ஒரு சோதனை போன்றது. எங்களுள் விழுந்து அடிபட்டவர்களின் கதைகளில் கழிப்பறைக் கதவு அடிக்கடி வருகிறது. இயன்றால் மேல்நாட்டு முறைக்கு மாற்றுங்கள், வாடகை வீடாயின் குழி விட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அதன்மேல் வையுங்கள், சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள், உள்ளே தாழிடாதீர்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும் ஆண்கள் அமர்ந்தே கழியுங்கள். இதனைச் சொல்ல அந்தப் பெரியவருக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அவரே புதியவர்களுக்கு அதனை முதற்பாடமாகச் சொல்லத் தொடங்கினார்.

யாருடைய நோய் எது என்று கேளாமலே நாங்கள் தாராளமாகச் சொல்பவை இவ்வகையின. காலையில் எழுந்தவுடன் நிற்காதீர்கள். காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் அமர்ந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்து, பிறகு எதையேனும் பற்றிக்கொண்டு எழுங்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு எழுவது இன்னும் கடினம்; ஒரு கயிற்றுக் கட்டிலாவது வேண்டும். சமையலறையில் உயரமான முக்காலி ஒன்றைப் போட்டு, தோசை வார்ப்பதையும் காய் நறுக்குவதையும் அமர்ந்தே செய்யுங்கள். இதைச் சோம்பல் என்று மாமியார் சொன்னால், அவரையும் ஒருநாள் கூட்டத்திற்கு அழைத்து வாருங்கள். கொதிக்கும் வெந்நீரில் தலைக்குக் குளிக்காதீர்கள். வெப்பம் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் கீழிறக்கும். இலை நிறையச் சோறு உண்டு உடனே எழாதீர்கள். உணவைச் செரிக்க இரத்தம் குடலுக்குப் போய்விடும். மூன்று பெருவேளைகளை ஐந்து சிறுவேளைகளாக்கி, சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டியவர்களுக்குப் பிற்பகல் எளிதாகக் கழிகிறது. கல்யாணப் பந்தியில் இதனைக் கடைப்பிடிப்பது எப்படி என்பதற்கு மட்டும் எங்களிடம் இன்றுவரை நல்ல விடை இல்லை.

நிற்பதைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். நடப்பதைவிட அசையாமல் நிற்பதே எங்களை வீழ்த்துகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. ரேஷன் கடை வரிசையிலோ, பள்ளியின் காலை வழிபாட்டிலோ, நெரிசல் பேருந்திலோ அவை வேலையற்று நிற்கின்றன. அவ்வேளையில் காலைக் குறுக்காகப் பின்னித் தொடைகளை இறுக்குங்கள், கைமுட்டியை மடக்கி அழுத்துங்கள், குதிகாலை மாறிமாறித் தூக்குங்கள். கண் இருண்டு, காது அடைத்து, பிடரியில் வலி தோன்றுவது எச்சரிக்கை. அப்போது மானம் பார்க்காதீர்கள். கோயில் பிராகாரமாயினும் நடைபாதையாயினும் அங்கேயே அமருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். தாமாகப் படுத்தவர் ஓரிரு நிமிடங்களில் எழுந்துவிடுவார். விழுந்தவருக்கோ இடுப்பெலும்பு முறியலாம். முதியவர்களுக்கு அம்முறிவின் விலை என்ன என்பதை இம்மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் சற்று நேரம் அமர்ந்திருந்தால் யாரும் அறியலாம்.

குடும்பத்தாரிடம் தனியே ஒன்று வேண்டுகிறோம். ஒருவர் மயங்கி விழுந்தால் நம் ஊரில் நிகழ்வது என்ன? நால்வர் சூழ்ந்து அவரைத் தூக்கி நிறுத்துவர் அல்லது நாற்காலியில் சாய்த்து அமர்த்துவர். ஒருவர் வாயில் சோடாவை ஊற்றுவார். மயக்கத்தில் கை கால் சிறிது வெட்டி இழுத்தால், வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். அனைத்தும் நல்லெண்ணமே, ஆயினும் அனைத்தும் கேடு. தலைக்கு இரத்தம் போதாமல் விழுந்தவரை நிமிர்த்தினால் அந்தப் போதாமை நீடிக்கும். அவரைப் படுக்க விடுங்கள்; கால்களை ஒரு பையின் மீதோ உங்கள் மடியின் மீதோ உயர்த்தி வையுங்கள்; நினைவு முழுதும் திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தன்னியக்க மயக்கம் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளியும். தெளியாவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் விளங்காவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ காத்திருக்க வேண்டா, 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளியாயின் விரலில் குத்திச் சர்க்கரையையும் பாருங்கள். நரம்பு பழுதானவர்க்குச் சர்க்கரை தாழும்போது வர வேண்டிய வியர்வையும் நடுக்கமும் வராமலே போவதுண்டு. மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல் வரலாம். 'அவருக்கு வழக்கமாக வரும் மயக்கம்தானே' என்று சொல்லி அமர்ந்துவிடாதீர்கள்.

இனி, முகவரி இல்லாமல் நாங்கள் கைமாற்றாதவை. உப்பைப் பற்றிச் சொல்லிவிட்டோம். உப்புக்காக ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று தட்டில் ஏற்றுபவர்கள், தாம் உண்டது எத்தனை கிராம் என்று அறியாமலே ஏற்றுகிறார்கள். சிறு தேக்கரண்டி ஒன்று ஏறத்தாழ 5 கிராம். உப்பு கூட்டச் சொல்லப்பட்டவர் அதனை அளந்துதான் உண்ண வேண்டும். இளநீர் யாருக்கும் கெடுதல் செய்யாது என்றொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கும், சிலவகை அழுத்த மாத்திரை உண்பவர்க்கும் அது ஆபத்தாகலாம். உப்புச் சர்க்கரைக் கரைசலில் சர்க்கரை உண்டு என்பதைப் பெயரே சொல்கிறது. ஆயினும் சர்க்கரை நோயாளியின் கையில் அதனைத் திணிப்பவர்கள் உண்டு. வெறும் நீர்கூட அளவோடுதான். தன்னியக்க நரம்புகள் பெரிதும் செயலிழந்த பலருக்கு அரை லிட்டர் நீரை ஒரே மூச்சில் பருகினால் சில நிமிடங்களிலேயே அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. காலையில் எழுமுன் பருகும் அந்த இரு குவளை நீர் எங்களுள் பலரை நடமாட வைக்கிறது. இதயம் தளர்ந்து, நீரை அளந்து பருகச் சொல்லப்பட்டவரிடம் அதனைச் சொல்ல மாட்டோம்.

மாத்திரைகளின் கதை இன்னும் கூர்மையானது. அந்தக் கல்லூரி மாணவியின் துடிப்பை அடக்கச் சிறு அளவில் தரப்படும் புரோப்ரனலால், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பைத் தூண்டலாம். சர்க்கரை நோயாளிக்கோ தாழ்சர்க்கரையின் அறிகுறியை மறைக்கலாம். அழுத்தத்தை ஏற்றும் மிடோட்ரின் மாத்திரையைப் பகலில் நிமிர்ந்திருக்கும் நேரத்திற்கென்றே தருகிறார்கள். படுப்பதற்குக் குறைந்தது 4 மணி நேரத்திற்கு முன் கடைசி மாத்திரையை முடித்துவிட வேண்டும். இவ்விதியைக் கூறாமல் மாத்திரையின் பெயரை மட்டும் கூறுவது பாதி அறிவுரை. மறுபுறம், பழைய மாத்திரைகளே நோயைக் கூட்டுவதும் உண்டு. புரோஸ்டேட் வீக்கத்திற்கு உண்ணும் டாம்சுலோசின், நீர் பிரிக்கும் மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின், பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகள் ஆகியவை நிற்கும்போது அழுத்தத்தைத் தாழ்த்தக் கூடியவை. "இதை நிறுத்திவிடுங்கள்" என்று நாங்கள் சொல்ல மாட்டோம். "நான்கு மருத்துவர் தந்த சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்வோம். எங்களுள் சிலருக்கு அந்த ஒரு செயலே பாதித் தலைசுற்றலைத் தீர்த்தது.

நம்பிக்கையையும் முகவரியோடுதான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். இதனை ஏற்காதவர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. பாட்ஸ் உள்ள இளையவர்கள் பலர் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேறுகிறார்கள். முதலில் படுத்தபடியும் பிறகு அமர்ந்தபடியும் செய்யும் உடற்பயிற்சியை மாதக்கணக்கில் மெல்லக் கூட்டியவர்களின் துடிப்பு அடங்குகிறது. "நான் பயிற்சியால் எழுந்தேன், நீங்களும் எழலாம்" என்று அவர்கள் சொல்வதை எங்களுள் ஒரு சாரார் வரவேற்கிறார்கள். அதே அறையில் பல்மண்டலச் சிதைவு நோயால் தளர்ந்துவரும் ஒருவரும் அவருடைய மனைவியும் அமர்ந்திருக்கிறார்கள். அந்நோய் ஆண்டுக்கு ஆண்டு கூடுமேயன்றிக் குறையாது. எழாமைக்குத் தம் முயற்சிக் குறைவே காரணம் என்று அவர் எண்ண நேர்ந்தால், அந்த நற்சொல் அவருக்கு நஞ்சாகிவிடும். ஆகவே தேறியவர்கள் தம் கதையைச் சொல்லட்டும். நோயின் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டுச் சொல்லட்டும். தேறாதவர்க்குத் தேவையான பேச்சு வேறு. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துக் கட்டில் முழுவதையும் சரிவாக்குவது எப்படி, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையை வெயிற்காலத்தில் எவ்வளவு நேரம் தாங்கலாம், முழங்கால்வரை மட்டும் வரும் காலுறையைவிட வயிற்றுப் பட்டை ஏன் மேல், சக்கர நாற்காலியை ஏற்றுக்கொள்ள மனம் எப்போது பக்குவப்படும் என்பன அவை. அந்த மனைவியின் கேள்விகளும் இவையே.

இம்மருத்துவமனையிடமும் ஒரு கோரிக்கை உண்டு. எங்களுக்கு அழுத்தம் பார்க்கும்போது 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், நிற்கவைத்து முதலாம், மூன்றாம் நிமிடங்களில் இருமுறையும் பார்க்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அருகில் ஒருவர் நிற்க வேண்டும். கூட்டம் நிறைந்த காலைப் பொழுதில் இது எளிதன்று என்பதை அறிவோம். எனினும் நாற்காலியில் அமர்த்தி எடுத்த ஓர் அளவு எங்கள் நோயைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. மருந்து வாங்கும் வரிசையில் நிற்பதற்குப் பதில் டோக்கனோடு அமர்ந்திருக்க ஏற்பாடு செய்தால், மருந்தை வாங்கும் முன்பே மருந்து தேவைப்படும் நிலை எங்களுக்கு நேராது.

அடுத்த கூட்டத்திற்கு வருவோர் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், படுத்தும் நின்றும் எடுத்த அளவுகளைக் குறித்த நோட்டையும் கொண்டு வாருங்கள். வீட்டில் அழுத்தமானி இல்லாதவர்களுக்கு நாங்கள் அங்கேயே பார்த்துக் குறித்துத் தருகிறோம். சுவரோரம் இரண்டு கட்டில்கள் போட்டிருப்போம். அமர முடியாதவர்கள் படுத்தபடியே பேசலாம், காரணம் கேட்பார் யாருமில்லை. கூட்டத்தை மதிய உணவுக்கு முன்பே முடித்துவிடுகிறோம். உண்டபின் எங்களுள் பலரால் எழுந்து பேருந்து நிறுத்தம்வரை நடக்க இயலாது.